காட்டிக்கொடுத்தவரும் மறுதலித்தவரும்

1623ஆம் வருடத்தின் நடுவில் மதுரையிலிருந்து வடக்கு நோக்கி ஒருவர் நடக்கத் தொடங்கினார். காவி உடை, கையில் கோல், காலில் மரக்குறடு. ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பாடு. அதிலும் கறி மீன் கிடையாது. வழியில் பார்த்தவர்கள் யாரோ வடதேசத்துச் சந்நியாசி என்று நினைத்திருப்பார்கள். அவர் பிறந்தது ரோமில், பிரபுக் குடும்பத்தில். பெயர் ராபர்ட் தே நொபிலி. தமிழில் தத்துவபோதகர். இயேசு சபைத் துறவி. சேந்தமங்கலம் வழியாக அவர் சேலத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய வழக்கில் தீர்ப்பு எழுதப்பட்டு முடிந்திருந்தது. அந்த ஜனவரி 31ஆம் தேதியே ரோமில் போப் பதினைந்தாம் கிரகோரி கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ரோமிலிருந்து லிஸ்பன், லிஸ்பனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி கோவா, கோவாவிலிருந்து தமிழ்நாடு என்பது அன்றைய தபால் வழி. வசந்தத்தில் லிஸ்பனை விட்டுக் கிளம்பும் கப்பல்கள் செப்டம்பர் வாக்கில்தான் கோவாவைத் தொடும். அப்படிப் பார்த்தால் அவர் மதுரையை விட்டுக் கிளம்பிய அன்று அந்தக் காகிதம் நடுக்கடலில் இருந்திருக்க வேண்டும். தான் ஜெயித்தது தெரியாமலே ஒரு மனிதர் கிளம்பியிருக்கிறார்.

இந்த ஒரு விஷயம்தான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. நான் சேலத்துக்காரன். ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று கீழே ஊரைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி. மாலையில் போனால் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். யாராவது ஒருவர் "அதோ பாரு நம்ம வீடு" என்று எதையாவது காட்டுவார். 1623இல் அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் கீழே தெரிந்திருப்பது ஒரு நாயக்கர் பாளையத்தின் சிறிய ஊர். மேலே காபிச் செடி கிடையாது. அது ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து, கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. கொண்டை ஊசி வளைவுகள் கிடையாது, கான்வென்ட்டுகள் கிடையாது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைமக்கள் இருந்தார்கள் (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்பவர்கள்). உச்சியில் சேர்வராயன் இருந்தார். அந்த உச்சியின் உயரம் 5326 அடி என்பார்கள். மீட்டரில் கணக்குப் போட்டால் 1623. எண்களில் அர்த்தம் தேடுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் பார்த்தபோது ஒரு நிமிடம் சிரித்துக்கொண்டேன்.

அந்த நடைக்குப் பின்னால் ஒரு காட்டிக்கொடுத்தலின் கதை இருக்கிறது. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்பதில்தான் சிக்கல்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவன். பெரிய வியாழன், புனித வெள்ளிக் கதையெல்லாம் புராணக் கதைகளோடு சேர்ந்தே மனதில் ஏறியவை. தமிழ் விவிலியம் அந்த ஒரு இரவுக்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. யூதாஸ் காட்டிக்கொடுத்தான். பேதுரு மறுதலித்தார். (எங்கள் பள்ளியில் பழைய ஆட்கள் பேதுருவை இராயப்பர் என்பார்கள். சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை "எனக்குத் தெரியாது" என்று சொன்ன அதே இராயப்பர்.) காட்டிக்கொடுத்தல் என்பது எவ்வளவு துல்லியமான சொல்! யூதாஸ் செய்தது அதுதான். இருட்டில் ஆளை அடையாளம் காட்டினான், கொடுத்தான். அதுவும் முத்தமிட்டுக் காட்டினான். எதிரிக்கு இது முடியாது. ஆளைத் தெரிந்தவனால்தான், கூடச் சாப்பிட்டவனால்தான் முடியும்.

கிரேக்க மூலத்தில் அந்த வினைச்சொல்லுக்கு 'ஒப்படைத்தல்' என்று மட்டும்தான் பொருள். அதனால் அது எங்கெல்லாமோ வருகிறது. யூதாஸ் குருக்களிடம் ஒப்படைக்கிறான், குருக்கள் பிலாத்துவிடம் ஒப்படைக்கிறார்கள், பிலாத்து சிப்பாய்களிடம் ஒப்படைக்கிறான். பவுல் எழுதும்போது கடவுளே தன் மகனை ஒப்படைத்தார் என்கிறார், அதே சொல்லில். இன்னும் ஒரு படி போய், தான் பெற்ற போதனையை அடுத்தவர்களுக்குக் கையளித்ததற்கும் அதே சொல். லத்தீனிலும் இப்படித்தான்: துரோகிக்கும் மரபுக்கும் ஒரே வேர். கையில் இருப்பதை இன்னொரு கைக்கு மாற்றுவது. யார் கைக்கு, எதற்காக என்பதில்தான் வித்தியாசம்.

மறுதலித்தல் வேறு. அங்கே யாரும் யாரையும் கொடுக்கவில்லை. "நான் அவர்களைச் சேர்ந்தவன் இல்லை" என்று சொல்வது, அவ்வளவுதான். குளிருக்கு நெருப்பு காய்கிற இடத்தில், ஒரு வேலைக்காரப் பெண் கேட்கும்போது.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு 1606ஆம் வருட மதுரைக்குப் போகலாம்.

அங்கே ஏற்கெனவே ஒரு பாதிரியார் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்ச்சுகீசியர், முன்னாள் படைவீரர், வயதானவர். பத்து வருடத்துக்கு மேலாக மதுரையில் ஒரு சிறிய கோயிலும் பள்ளியும் மருத்துவ உதவியும் நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் வந்தவர்கள் முத்துக்குளித்துறையிலிருந்து மதுரைக்கு வந்துபோகிற பரவர்கள். 1530களிலேயே கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர்கள். மதுரைக்காரர்கள் யாரும் வரவில்லை. பத்து வருடத்தில் ஒருவர்கூட மதம் மாறவில்லை என்பது அவர் மீது எல்லாரும் வைக்கிற குறை. ஆனால் வேறு மாதிரியும் யோசித்துப் பார்க்கலாம். பத்து வருடம் பலனே இல்லாமல் ஓர் ஊரில் தினம் காலையில் கோயிலைத் திறக்கிற மனிதருக்கும் ஏதோ ஒரு விசுவாசம் இருக்கத்தானே வேண்டும்?

1606 நவம்பரில் அவரிடம் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். 29 வயது நொபிலி. வந்த கொஞ்ச நாளிலேயே பிரச்சினை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார். மதுரையில் கிறிஸ்தவன் என்றால் பரங்கி. பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்று, சாராயம் குடித்து, குளிக்காமல் திரிகிறவன். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவனிடம் பாதிரியார்கள் கேட்ட கேள்வியே "பரங்கி குலத்தில் சேருகிறாயா?" என்று இருந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் நடந்த விபத்து என்று இதைச் சொல்லலாம். எங்கள் தொழிலில் இதற்கு நிகரான கூத்துகள் நிறைய உண்டு. உள்ளே எல்லாம் சரியாக இருக்கும், திரையில் வருகிற ஒரு வாசகம் தப்பாக இருக்கும், ஒருத்தனும் அந்தப் பொத்தானை அமுக்க மாட்டான்.

நொபிலி வாசகத்தை மாற்றினார். மேலதிகாரி லாயர்சியோவின் சம்மதத்தோடு பெர்னாண்டஸின் வீட்டை விட்டு வெளியேறினார். பிராமணர்கள் வாழும் பகுதியில் தனிக் குடிசை, பிராமணச் சமையல்காரர், காவி உடை. தமிழ், பிறகு தெலுங்கு, பிறகு சமஸ்கிருதம். வேதம், குரு, பூசை என்று உள்ளூர்ச் சொற்களில் மதத்தைப் பேசினார். பெர்னாண்டஸோடு வெளிப்படையாகப் பழகுவதை நிறுத்தினார். 1611இல் தன் வீட்டு வாசலில் ஓலையில் ஓர் அறிவிப்பும் வைத்தார். தான் பரங்கி அல்ல, பரங்கியர் நாட்டில் பிறந்தவன் அல்ல, அவர்களோடு குலத்தொடர்பு இல்லாதவன், ரோமாபுரியில் அரச குலத்துக்கு நிகரான குடும்பத்தில் பிறந்து துறவு கொண்டவன் என்பது அதன் சாரம்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் போர்ச்சுகீசியர் அல்ல, இத்தாலியர். ஆனால் இதைப் பெர்னாண்டஸின் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். ஒரே சபை, ஒரே வார்த்தைப்பாடு, ஒரே அப்பம். கூட இருந்தவன் எழுந்து போய், ஊர் முழுக்கத் தெரியும்படி வாசலில் எழுதி வைக்கிறான்: நான் அவர்களைச் சேர்ந்தவன் இல்லை. அந்தக் கிழவரின் காதில் ஒரு சேவல் கூவியிருக்காது என்று யாரால் சொல்ல முடியும்?

அறிவிப்புக்கு முன்பே, 1610இல், பெர்னாண்டஸ் எழுதத் தொடங்கியிருந்தார். நொபிலி பூணூல் போடுகிறார், சந்தனம் பூசுகிறார், சடங்கு மாதிரி குளிக்கிறார், மதம் மாறியவர்களைக் குடுமியோடும் பூணூலோடும் இருக்க விடுகிறார், ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு கிறிஸ்தவம் என்றாகிவிட்டது. சபையின் மேலிடத்துக்குக் குற்றப்பத்திரிகை போனது. காட்டினார், கொடுத்தார். அந்த அறிவிப்பு வந்தபின் அவருக்கு இன்னும் ஒரு சாட்சியம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஐ.டி. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கடிதத்தின் வாசனை நன்றாகத் தெரியும். எனக்கும் ஒருமுறை வந்தது. இரண்டு வருடம் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட நண்பர், நான் செய்துகொண்டிருந்த ஒரு வடிவமைப்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் மேலே மேலே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எல்லாம் நாகரிகமான வார்த்தைகள். ப்ராஜெக்டின் நலன் கருதி, என்றுதான் இருந்தது. அதைப் படித்தபோது வலித்தது குற்றச்சாட்டு அல்ல. சாப்பாட்டு மேசையில் நான் சந்தேகமாகச் சொன்னவையெல்லாம் அங்கே ஆதாரமாக இருந்தன. சங்கீதத்தில் ஒரு குரல் முறையிடுகிறது: வசைபாடியவன் பகைவனாக இருந்தால் பொறுத்திருப்பேன், இவன் என் தோழன் ஆயிற்றே என்று. அதைப் பாடியவருக்கு அலுவலகம் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த நண்பரை மன்னித்தேனா என்று கேட்டால் பதில் இல்லை. அவர் கேட்கவே இல்லையே. லிங்க்ட்இன்னில் வருடா வருடம் பிறந்தநாள் வாழ்த்து வருகிறது, நானும் நன்றி போடுகிறேன். அவர் பக்கத்தில் அது துரோகம் என்ற பெயரிலேயே இல்லை. கடமை என்ற பெயரில் இருக்கிறது. பெர்னாண்டஸ் பக்கத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடிதங்கள் வேலை செய்தன. நொபிலி கிறிஸ்தவத்தையே விட்டுவிட்டு இந்துவாகிவிட்டார் என்ற அளவுக்கு ஐரோப்பாவில் பேச்சு போனது. அவருடைய உறவினரும் அந்தக் காலத்தின் மிகப் பெரிய இறையியலாளருமான கர்தினால் பெல்லார்மின் வருத்தமும் கண்டிப்புமாகக் கடிதம் எழுதினார். (கலிலியோ வழக்கில் வருகிற அதே பெல்லார்மின்.) நொபிலி விளக்கம் எழுதினார். பெல்லார்மின் அதைப் படித்து மனம் மாறி அவர் பக்கம் நின்றார். அது பெரிய விஷயம். ஆனால் ஒரு கடிதம் போய்ப் பதில் வர இரண்டு வருடம் எடுக்கும் காலம் அது. சொந்தக்காரர்கள் தன்னை மதத்துரோகி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபடி அத்தனை நாளும் காலையில் எழுந்து திருப்பலி செய்திருக்கிறார்.

இதற்கிடையில் லாயர்சியோவின் இடத்துக்கு பெரோ பிரான்சிஸ்கோ என்ற புதிய மேலதிகாரி வந்தார். அவருக்கு இந்தக் காவி வேலையெல்லாம் பிடிக்கவில்லை. நொபிலி புதிதாக யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார். எதற்காகக் கடல் தாண்டி வந்தாரோ அதைச் செய்யக் கூடாது. நொபிலி கீழ்ப்படிந்தார். சபையை விட்டு ஓடவில்லை, தனிக்கடை போடவில்லை. எழுதினார், வாதாடினார், காத்திருந்தார்.

விசுவாசம் என்ற சொல் தமிழில் விசித்திரமானது. கிறிஸ்தவர்களுக்கு அது கடவுள் நம்பிக்கை. மற்றவர்களுக்கு அது நாயிடம் இருப்பது. சினிமாவில் வேலைக்காரர்கள் முதலாளிக்குக் காட்டுவது. இரண்டும் வேறு வேறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நொபிலியின் அந்த வருடங்களைப் படிக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. தன்னைத் தண்டிக்கிற சபைக்கு அவர் காட்டியது நாயின் விசுவாசமா? அல்லது சபைக்கும் மேலே இருக்கிற ஒருவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு (மறுபடியும் அதே சொல்) சும்மா இருந்தாரா? வெளியே நின்று பார்க்கிற எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. இரண்டாவதுதான் என்று நினைக்க எனக்கு இருக்கிற ஒரே காரணம், அவர் வாயை மூடிக்கொண்டு கீழ்ப்படியவில்லை என்பது. பக்கம் பக்கமாக எதிர்வாதம் எழுதிக்கொண்டே கீழ்ப்படிந்தார். நாய் வாதாடாது.

பெர்னாண்டஸும் எழுதினார். 1616இல் ஒரு பெரிய நூலே எழுதினார். பூணூலும் குடுமியும் வெறும் சமூக அடையாளங்கள் என்று நொபிலி சொல்கிறாரே, இல்லை, எல்லாம் மதச் சடங்குகள்தான் என்று நிரூபிக்க அதை எழுதினார். பிறப்பு முதல் இறப்பு வரை பிராமணர்கள் செய்கிற சடங்குகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். ஒருவரைக் கவிழ்க்க எழுதிய நூல் அது. 1973இல்தான் அச்சில் வந்தது. இன்று அந்தக் காலத் தமிழகத்தின் சடங்குகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் தேடிப் போகிற ஓர் ஆவணம். மதுரைக்காரர்களை அவருக்குப் புரியவில்லை என்று சொல்லிவந்தார்கள். அவர் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

1619இல் கோவாவில் பேராயர் தலைமையில் விசாரணைக் கூட்டம். நொபிலி காவியோடு போய் நின்றார். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அவருக்கு ஆதரவாகப் பேசியவர்கள் கொஞ்சப் பேர்தான். அதில் ஒருவர் மதவிசாரணை மன்றத்தைச் சேர்ந்தவர் என்பது வேடிக்கை. விவகாரம் ரோமுக்குப் போனது. நான்கு வருடம். பிறகுதான் அந்த 1623 ஜனவரி.

இதெல்லாம் தெரிந்தபின் அந்த நடையைத் திரும்பப் பார்க்கிறேன். மதுரையில் காத்திருந்திருக்கலாம். தீர்ப்பு வந்தபின், "பார்த்தீர்களா" என்று ஒரு சுற்று வந்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். தீர்ப்பை அச்சடித்து வாசலில் ஒட்டியிருப்பேன். அவர் காத்திருக்கவில்லை. ஆளே தெரியாத ஊர்களுக்குப் புதிதாகக் கிளம்பிவிட்டார்.

சேந்தமங்கலம், கொல்லிமலையின் அடிவாரம். அங்கே ராமச்சந்திர நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். வரவேற்பு நன்றாகவே இருந்தது. சேலத்தில் அப்படி இல்லை. முதலில் யாரும் தங்க வீடு கொடுக்கவில்லை. காற்றும் குளிரும் புகுந்து வருகிற ஒரு பொது இடத்தில் கிடந்து உடம்பு கெட்டுப்போனது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்குகிற காற்று எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் மார்கழியில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அங்கேதான் திருமங்கல நாயக்கரைச் சந்தித்தார். சேலத்தை ஆண்டுகொண்டிருந்தவருடைய அண்ணன். ஆட்சி தம்பியிடம் இருந்தது, அண்ணன் பதவி இழந்து உட்கார்ந்திருந்தார். இந்த மலைக்காரர்களிடம் அண்ணன் தம்பி கதை ஏற்கெனவே ஒன்று உண்டு. காஞ்சியிலிருந்து கிளம்பிய மூன்று சகோதரர்கள் பிரிந்து போய் மூன்று மலைகளில் குடியேறினார்கள், அவர்களின் வாரிசுகள்தான் நாங்கள் என்பார்கள் மலையாளிகள். விவிலியத்திலும் உண்டு. குழியில் தள்ளி, காசுக்கு விற்ற அண்ணன்களை, பஞ்ச காலத்தில் தானியம் கேட்டு வந்து நிற்கும்போது யோசேப்பு அடையாளம் கண்டுகொள்கிறான். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவன் மன்னிப்பது அல்ல. உடனே மன்னிக்காதது. சோதிக்கிறான், அலைக்கழிக்கிறான், தனியறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறான். கடைசியில்தான் பேசுகிறான்.

தம்பியிடம் இடத்தை இழந்தவரும் சகோதரத் துறவியால் காட்டிக்கொடுக்கப்பட்டவரும் சேலத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்கு வந்து சேரவில்லை. 1625இல் திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார். நொபிலியின் வாழ்க்கையில் பெரிய மனிதர் ஒருவர் மதம் மாறிய முக்கியமான நிகழ்ச்சி அது. பின்னால் சேலம் பக்கத்து மோரமங்கலம் இயேசு சபையின் மையமாக வளர்ந்தது. அதற்கு விதை இங்கேதான்.

இந்த இடத்தில் நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். துரோகம், பொறுமை, வெற்றி. சர்ச்சில் சொல்லலாம். ஆனால் அந்தத் தீர்ப்பை முழுக்கப் படிக்க வேண்டும்.

போப் கிரகோரியின் ஆணை பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஆனால் அதோடு முடியவில்லை. உயர்குலத்தவர் என்று பெருமைப்படுகிறவர்கள் எளிய குலத்தவரை இழிவாக நடத்த வேண்டாம், அதிலும் கோயிலுக்குள், இறைவார்த்தை கேட்கும்போதும் திருவருட்சாதனங்கள் பெறும்போதும் அவர்களைத் தள்ளி வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற ஒரு பகுதியும் அதில் இருக்கிறது. நொபிலியைக் காப்பாற்றிய அதே காகிதம் அவர் கையில் ஒரு கடன் சீட்டையும் வைத்தது.

இயேசு சொன்ன உவமை ஒன்று. கோடிக்கணக்கில் கடன்பட்ட ஒருவனுக்கு அரசன் முழுக்கடனையும் தள்ளுபடி செய்கிறான். அவன் வெளியே வந்ததும் தனக்குச் சில்லறை பாக்கி வைத்திருந்த சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். இந்த உவமையில் மன்னிப்பு ஓர் உணர்ச்சியே அல்ல. அது ஒரு கணக்கு வழக்கு. மேலிருந்து வந்தது கீழே போக வேண்டும். போகாவிட்டால் வந்ததும் ரத்தாகிவிடும்.

நொபிலிக்கு வந்தது கீழே போனதா? அவர் காலத்திலேயே திருச்சிப் பக்கம் தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து கூட்டமாக மக்கள் வந்தார்கள். காவி அணிந்த சந்நியாசி குரு அவர்களோடு பகிரங்கமாகப் பழகினால் மேல்சாதிக்காரர்கள் போய்விடுவார்கள். அதற்காக 1640இல் பல்தசார் தா கோஸ்தாவிலிருந்து பண்டாரசுவாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள் வந்தார்கள். இவர்கள் எல்லாச் சாதியாரிடமும் போகலாம். ஒரு சபை, இரண்டு வகைக் குருக்கள், அவரவர்க்குத் தனித்தனி இடம். அன்றைய சூழலில் வேறு வழி இல்லை என்று நொபிலிக்காக வாதாடுகிறவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. சாதியை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கோயிலுக்குள் அதற்கு ஓர் இருக்கை போட்டுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். வடக்கன்குளத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்துக் கோயிலுக்குள்ளே எழுந்திருந்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் எவ்வளவு வழக்கு, எவ்வளவு சண்டை! தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை என்ற பிரச்சினை தமிழ்நாட்டில் இன்றும் செய்தியாக வருகிறது.

பெர்னாண்டஸின் கடிதங்களைப் படிக்கும்போது அவர் சாதிக்கு எதிராகப் போராடினார் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவருடைய கவலை சடங்கு பற்றியது, போர்ச்சுகீசிய கௌரவம் பற்றியது. ஆனாலும் ஒரே ஊரில் இரண்டு கிறிஸ்தவம் ஆகிவிட்டது என்று அவர் எழுதியது தப்பில்லையே. காட்டிக்கொடுக்கிறவன் எப்போதும் பொய்யைத்தான் காட்டுகிறான் என்று இல்லை. இதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் சங்கடமான இடம். என் அலுவலக நண்பரின் மின்னஞ்சலை இப்போது எடுத்துப் படித்தால் அதிலும் ஒரு வரி சரியாகத்தான் இருக்குமோ என்னவோ. எடுத்துப் படிக்க மாட்டேன், அது வேறு.

நொபிலி பெர்னாண்டஸை மன்னித்தார் என்று காட்ட ஒரு காட்சி கிடைக்குமா என்று நிறையத் தேடினேன். கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அல்லது ஒரு கடிதத்தில் இரண்டு வரி. நான் படித்த எதிலும் இல்லை. அந்தப் பரவர்களிடம், உங்களைச் சேர்ந்தவன் இல்லை என்று வாசலில் எழுதி வைத்தேனே என்று யாராவது மன்னிப்பு கேட்டதாகவும் படிக்கவில்லை. விவிலியம் இந்த விஷயத்தில் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. அங்கே பேதுருவுக்கு ஏரிக்கரையில் இன்னொரு நெருப்பு மூட்டப்படுகிறது, மீன் சுடப்படுகிறது, மூன்று தடவை மறுதலித்தவரிடம் மூன்று தடவை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கப்படுகிறது. யூதாஸும் வருந்தினான். முப்பது வெள்ளிக்காசுகளைக் கோயிலுக்குள் வீசி எறிந்தான். ஆனால் அடுத்த நெருப்பு வரைக்கும் காத்திருக்க அவனால் முடியவில்லை. இரண்டு பேருக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் குற்றத்தின் அளவில் இல்லை என்று என் பள்ளியில் ஒரு வயதான ஆசிரியர் சொல்வார். ஒருவர் திரும்பி வந்தால் கதவு திறக்கும் என்று நினைத்தார், இன்னொருவன் நினைக்கவில்லை, அவ்வளவுதான்டா என்பார். அந்த "அவ்வளவுதான்டா"வில் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது புரியவில்லை.

நொபிலிக்கு இன்னும் முப்பது வருடம் பாக்கி இருந்தது. 1640இல் மதுரையில் கைது செய்யப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். விடுதலையாகி வெளியே வந்தபோது உடம்பு தளர்ந்திருந்தது, கண் மங்கிக்கொண்டே வந்தது. சபை அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது, பிறகு மயிலாப்பூருக்கு. ஏறக்குறையக் குருடான நிலையிலும் தமிழ் நூல்களைச் சொல்லச் சொல்ல எழுத வைத்துக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருந்தார். சாப்பாடு அதே ஒரு வேளை, அதே காய்கறி.

மயிலாப்பூர் சாந்தோம் அப்போது போர்ச்சுகீசியர் கையில் இருந்த ஊர். கோட்டை அவர்களுடையது, கோயில் மணி அவர்களுடையது, தெருவில் கேட்கிற பேச்சு அவர்களுடையது. தான் பரங்கி அல்ல என்று மதுரையில் ஓலையில் எழுதி வைத்தவர், 1656 ஜனவரி 16ஆம் தேதி, பரங்கிகளின் ஊரில் இறந்தார்.